இறங்க மறுத்த வடை

இராசநாயகத்தாருக்கு நெஞ்சுக்கு மேலே வடை நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"விழுங்குங்கோ," என்று மனைவி அருந்ததி காதுக்குள் கடிந்தாள். "சாப்பிடாமல் எழும்பினால் சம்பந்தம் வேண்டாமெண்டு நினைக்கப் போயினம்."

மகள் சாருஜாவுக்குக் கனடா மாப்பிள்ளை. அவனுடைய தாய் தகப்பனோடு பேசி முடிக்கத்தான் இருவரும் கோப்பாயிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத வீடு. தரகர் சொன்ன பச்சைக் கேற்றைத் திறந்ததுமே, "வாங்கோ, வாங்கோ! முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்று பந்தியில் இருத்திவிட்டார்கள்.

"எங்களைப் பாக்க எவ்வளவு சனம் வந்திருக்கு!" என்று அருந்ததிக்கு வாயெல்லாம் பல்.

இராசநாயகத்தாருக்கோ வயிற்றுக்குள் இருக்கவேண்டிய இரைப்பைத் தோலில் ஒரு துண்டு, பிறவியிலேயே இடம் மாறி உணவுக்குழாயில் குடியேறியிருந்தது. குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், "பயமில்லை. மருந்துக் குளிசையைப் போட்டு, நல்லாச் சப்பிச் சாப்பிடுங்கோ" என்றிருந்தார். ஆனால் சம்பந்தி வீட்டில் தெரிந்தால் பரம்பரை நோய் என்று கதை கட்டிவிடுவார்கள். மகளின் கலியாணமே குழம்பிவிடும். அந்தப் பயத்தில் மனுசன் சப்பவே மறந்துபோனார்.

தண்ணீர் குடித்தார். தண்ணீரும் வடைக்கு மேலே ஏறி நின்றது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பரிமாறிக்கொண்டிருந்த அந்த வீட்டு மகன் சிவரூபன் உருகிப்போனான். "மனதைத் தேற்றிக்கொண்டு சாப்பிடுங்கோ, அண்ணை" என்று இன்னும் இரண்டு வடை வைத்தான்.

"மகளைப் பிரியிறதுக்கு அழுகிறியள் எண்டு நினைக்கினம். நல்லதுதான், சாப்பிடுங்கோ!" என்றாள் அருந்ததி.

இரண்டாவது வடை முதலாவதின் தலையில் போய்க் குந்தியது. மூச்சு முட்டியது. இராசநாயகத்தார் கிணற்றடிக்கு ஓடி, இரண்டு கையாலும் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

"ஐயோ! ஐயோ!"

வடைகள் இரண்டும் மடக்கென்று இறங்கின. பந்தியே எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றது. அருந்ததி தலையில் கை வைத்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"தம்பி, ஒரு உண்மை சொல்லவேணும்," என்று அவர் தொடங்கினார். "என்ரை தொண்டைக்குள்ளை…"

சிவரூபன் விம்மிக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்தான்.

"ஒண்டும் சொல்லவேண்டாம், அண்ணை! எங்கடை ஐயாவின்ரை ஆட்டைத் திவசத்துக்கு வந்த இவ்வளவு சனத்திலையும், நெஞ்சிலை அடிச்சு அழுதது நீங்கள் ஒராள்தான்!"