செய்தியில் புறப்பட்ட கப்பல்

என் கண்களைவிட வானொலியை நம்பியவன் நான். சண்டைக் காலத்துத் திருகோணமலையில் பாதிச் சனம் அப்படித்தான். பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்தாலும், எங்கே வெடித்தது என்று அறியச் செய்திக்குக் காத்திருப்போம்.

யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டியிருந்தது. கப்பல் ஒன்றுதான் வழி. எனக்கோ அங்கே கல்யாணம். பொம்பிளை யாழ்ப்பாணம், மாப்பிள்ளை திருகோணமலைப் பாலையூற்று, நடுவில் கடல். கப்பலை விட்டால் முகூர்த்தமும் போய்விடும். என்ன வந்தாலும் ஏறியே தீருவேன் என்று பெட்டியோடு அத்தானின் சைக்கிளில் தொற்றினேன்.

சோதனைச் சாவடியில் கூறைச் சேலையை முழுதாக விரித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் திருப்பி மடிக்கத் தெரியவில்லை. (எங்களுக்கும்தான்.) நேரம் போய்விட்டது.

துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடையை நெருங்கும்போது வானொலி சொன்னது: யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கான பயணிகள் கப்பல் காலையிலேயே புறப்பட்டுவிட்டதாம். அப்படியே கடை வாங்குப் பலகையில் குந்திவிட்டேன்.

"டேய், அந்தா நிக்குது கப்பல்!" என்றார் அத்தான்.

நின்றதுதான். புகைகூட விட்டது.

"அது வேற கப்பல் அத்தான். நியூஸில சொல்லிப்போட்டாங்கள்."

"சனம் மூட்டை முடிச்சோட ஏறுதடா!"

கடைக்காரர் எனக்காகப் பரிந்து வந்தார். "அதுகள் இறங்குதுகளாக்கும். கொழும்பில இருக்கிறவன் விசாரிக்காமலே சொல்லுவான்? நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி."

அத்தான் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். நான் மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஏறுவதற்கென்று வைத்திருந்த உறுதி முழுவதையும் ஏறாமல் இருப்பதில் காட்டினேன்.

தேத்தண்ணி ஆறுவதற்கு முதல் கப்பல் ஊதியது. நகர்ந்தது.

"பாத்தீங்களே, செய்தி பொய்யில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டாங்கள், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

அத்தான் என் பெட்டியைத் தூக்கித் திரும்பவும் சைக்கிளில் கட்டினார்.

அடுத்த கப்பலில் வாந்தியெடுத்தபடியே போய்ச் சேர்ந்தேன். காங்கேசன்துறையில் படியிறங்கியதும் ஒரு கை என் கொலரைப் பிடித்தது. மாமனார்!

"திரும்பி ஓடப் பாக்கிறீரோ? இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சிருந்தனீர்?"

"மாமா, இப்பத்தானே வந்து இறங்கிறன்!"

"கதை விடாதையும். போன கப்பலில வந்த எல்லாரும் சுகமாய்ச் சேர்ந்திட்டினம் எண்டு ரேடியோவில சொன்னவங்கள். உம்மைத் தேடி ஊர் ஊராய் அலைஞ்சு என்ர செருப்புத் தேஞ்சுபோச்சு!"

நான் இறங்கியதைக் கண்ணால் கண்ட மனுசன்! அவரும் என்னைப்போல ஒரு ஆள்.

பிந்திய முகூர்த்தத்தில் தாலி கட்டினேன். மடிப்புக் கலைந்த கூறையோடு மணவறையில் இருந்தவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமா கடைசிவரை என் கதையை நம்பாமலே கண்ணை மூடினார்.

இன்று எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவுச் செய்தி முடிந்து தொலைக்காட்சியை நிறுத்தியதும், பிள்ளைகள் சிரிக்கத் தயாராக இருக்க, மனைவி என் பக்கம் குனிந்து கேட்பாள்:

"இனி நான் கோவிக்கமாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ, அந்த நாட்களில யாழ்ப்பாணத்தில ஆருடைய வீட்டில நிண்டனீங்கள்?"