குடிக்காதே என்று சொன்னவர் கையில் டம்ளர்

வீரபாண்டி,
12.9.1992

மரியாதைக்குரிய மச்சான் வேலுமணி அவர்களுக்கு, ஆறுச்சாமி எழுதிக்கொண்டது. நான் இங்கு சுகம். நீங்களும், என்னோடு கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கை ஞானாம்பாளும் சுகமாயிருக்கப் பழனியாண்டவர் துணை.

நான் குடியை விட்டுவிட்டேன் என்று எங்கள் பனியன் கம்பெனி தண்டாயுதபாணி அண்ணன் தன் வாயால் சொன்னால்தான் தங்கையை அனுப்புவேன் என்றீர்கள். செக்கிங்கில் ஊசிமுனை ஓட்டையையும் விடாத மனுஷர். ஞாயிறுதோறும் மதுவிலக்குக் கூட்டம் போட்டு, எங்கள் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கியவர். எனக்கு இன்னும் தழும்பு போகவில்லை. அந்த மகானைப் போன புதன்கிழமை எங்கே பார்த்தேன் தெரியுமா? தாராபுரம் பிராந்திக் கடையில்! நான் ஏன் அங்கே போனேன் என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் போன இடத்தில் தாகமெடுத்தது, சோடா கேட்கத்தான் நுழைந்தேன். மூலையில் ஒரு கையில் டம்ளர், மறு கையில் சுண்டலோடு உட்கார்ந்திருக்கிறார்! மனுஷர் வெட்கப்பட வேண்டாமா? என்னை அதட்டுகிறார்: "ஏனுங்க ஆறுச்சாமி, உங்களுக்கு இங்கென்ன வேலை? மொதல்ல வெளிய நடங்க!" "நீங்க மட்டும் குடிக்கலாமுங்களா?" என்றேன். "நாங் கெட்டதாலதானுங்க சொல்றேன். எம்பட பொழப்பைப் பாத்துமா புத்தி வரலை?" என்று டம்ளரைக் கீழே வைக்காமலே என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் குடிகாரன் நான்தான் என்று கடைசி சீட்டுக்குத் துரத்தினான். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! இவர் எனக்கு நற்சாட்சி சொல்வதா? வேறு யோக்கியர் யாரையாவது சொல்லுங்கள். நாளைக் கூட்டத்தில் இவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்காமல் விடமாட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு. சின்னதுகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
ஆறுச்சாமி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் கூட்டம் நடந்துவிட்டது. நான் வாய் திறக்குமுன் அவரே எழுந்து, "புதங்கெழமை நாங் குடிச்சேனுங்க. என்னை நீக்கிப்போடுங்க" என்று சொல்லிவிட்டார். அயர்ன் செக்‌ஷன் காளியாத்தாள் எழுந்து, "எங்கூட்டுக்காரரு ஆறு மாசமா நேரா ஊட்டுக்கு வர்றது இவராலதானுங்க. இவரை நீக்கிப்போட்டு யாரை வெக்கறதுங்க?" என்றாள். எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று அவர் இழுக்காவிட்டால் நான் சோடாவோடு நின்றிருக்க மாட்டேன். அவரே இருக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான். வெள்ளிக்கிழமை அவரையே அழைத்துக்கொண்டு வெள்ளகோவில் வருகிறேன். அவர் மேல் வாடை அடித்தால் கண்டுகொள்ள வேண்டாம் மச்சான். என் மேல் அடித்தால் மட்டும் ஞானாம்பாளை அனுப்பாதீர்கள்.