ஏகமனதாகக் கரைந்த கட்டி

உலகமே புற்றுநோய்க்கு மருந்து தேடி அலைந்துகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், பிள்ளையார்பாளையம் அந்த நோயை ஏகமனதாக ஒழித்துவிட்டது. அம்சாவின் கழுத்துக் கட்டி மட்டும் ஒத்துழைக்கவில்லை.

‘தேன் மருத்துவ ஆராய்ச்சிச் சங்க’த் தலைவர் மயில்வாகனம், தறியை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்தவர். எங்கோ தேன்கூட்டுப் பிசினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று பத்திரிகைத் துண்டு ஒன்றில் படித்திருந்தார். துண்டு அத்தோடு கிழிந்திருந்தது. எலிகள் பிழைத்தனவா என்ற அற்ப விவரம் ஆராய்ச்சிக்குத் தடையாக இருக்கவில்லை.

அம்சாவுக்கு மூன்று வேளையும் தேன். கட்டியின் மேல் பிசின் பற்று.

“ஏங்க, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிக்கினு வந்துடலாங்க,” என்றாள்.

கணவன் சபாபதி பதறினான். “ஒரு மண்டலம் முடியட்டும்மா. நான் சங்கத்துக்குச் செயலாளர். என் பொண்டாட்டியே ஆஸ்பத்திரிக்குப் போனா, நாலு பேர் என்னா பேசுவாங்க?”

வெள்ளிதோறும் சங்கம் கூடும். தலைவர் அவள் கழுத்தைச் சுற்றிப் பட்டு இழையைப் போட்டு அளப்பார்.

“போன வாரத்துக்கு இந்த வாரம் அரை விரக்கடை கொறைஞ்சிருக்குது! கைதட்டுங்கப்பா!”

இருபது வருஷமாகப் பாவு இழை பிணைத்த அம்சாவுக்கு, இழையின் இறுக்கம் தெரியாதா?

“அண்ணே, நீங்க வாராவாரம் இழுத்துப் புடிக்கிறீங்க. கட்டி கொறையலண்ணே, எனக்கு மூச்சுதான் கொறையுது.”

“ஆராய்ச்சியில நோயாளி பேசக் கூடாதும்மா. விதி ஏழு.”

ஆறாம் வெள்ளியன்று, ‘கட்டி முற்றிலும் கரைந்துவிட்டது’ என்ற தீர்மானத்தைச் சங்க உறுப்பினர் வீரபத்திரன் முன்மொழிந்தார், சபாபதி வழிமொழிந்தான். வெற்றித் தேனை அம்சாவின் வாயில் ஊற்றினார்கள். தொண்டைக்குள் இறங்காமல், அது கடைவாய் வழியே வழிந்தது.

“முழுங்க முடியலைங்க,” என்றாள்.

“தீர்மானம் போட்டாச்சேம்மா!” என்றான் சபாபதி, அழமாட்டாக் குறையாக.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்சா தனியாக மெட்ராஸுக்குப் போனாள். டாக்டர் பிசின் பற்றைத் துடைத்துவிட்டுக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா சுலபமா எடுத்திருக்கலாம். இப்பவும் பார்க்கலாம். ஏம்மா வரல?”

“கூட்டம் முடியலைங்க,” என்றாள் அம்சா.

விதி மீறிய அவளை, சங்கம் நோயாளிப் பட்டியலிலிருந்தே நீக்கியது. பிறகு வாசலில் புதுப் பலகை மாட்டியது: ‘எங்கள் நோயாளிகளில் ஆஸ்பத்திரியில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.’

அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. அம்சாவுக்கு முன்னால் தேன் குடித்த மூன்று பேரையும், சங்கம் கடைசிவரை பஸ் ஏற விடவேயில்லை.