வாசலை மூன்று அங்குலம் அகலமாக்கக் கோரி

பேரன்பும் கூரான உளியும் கொண்ட அத்தான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும், அக்காவின் நலத்தையும், அக்காவின் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

முக்கியமான அறிவிப்பு ஒன்று. ரம்பத்தை நிறுத்திவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று படிக்கவும். நேற்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, நம் வீட்டு ஹாலில், டி.வி.க்கும் துணி அலமாரிக்கும் நடுவே, என் ஸ்கூட்டரின் கடைசி நட்டு முடுக்கப்பட்டது. வண்டி முழுமை அடைந்தது. ஆறு மணி பதினைந்து நிமிடத்துக்கு, முழுமை அடைந்த வண்டி வாசல் வழியாக வெளியே போகாது என்பது தெரியவந்தது.

சிரிக்க வேண்டாம். இந்த வழக்கில் குற்றவாளி நான் அல்ல. யார் என்பது போகப்போகத் தெரியும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் என் போன் இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. என் கையில் இருந்திருந்தாலும் பட்டறைச் சத்தத்தில் உங்கள் காதில் விழாது. அதனால் கடிதம். இதைத் தபாலில் சேர்க்கப்போவது அம்மாதான். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள் என்பதால் பிறர் கடிதத்தைப் பிரிக்க மாட்டாள், அது அவள் தொழில் தர்மம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், அதற்குத் தர்மம் தடை சொல்லவில்லை. உள்ளே ஒரு காலண்டர் தாளை மடித்து வைத்திருப்பது அதற்காகத்தான்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தபோது நீங்கள் கூட இல்லை, அதனால் அந்தக் கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். நான் மனதுக்குள் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சிவப்பு நிறம், முன்பக்கம் கோபக்கார மூஞ்சி, நிற்கும்போதே நாற்பதில் போவது போன்ற தோற்றம். அப்பாவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார், எது என்று அவருக்கே தெரியாது, எது டேப்புக்குள் அடங்குகிறதோ அது. லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளைச் சரிபார்ப்பதே தொழிலாக உள்ளவரோடு கடைக்குப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். நம் தெருவில் ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டி காலையில் அப்படியே இருக்கும், பெட்ரோல் மட்டும் இருக்காது. ஆகவே வண்டி ஹாலில்தான் தூங்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கடைக்குள் நுழைந்ததும் விற்பனைப் பெண் புன்னகையை இழுத்தாள், அப்பா இரும்பு டேப்பை இழுத்தார்.

"சார், இது லிட்டருக்கு அம்பது குடுக்கும்."

"அகலம் எவ்வளவும்மா?"

"அகலமா? கலர் பாருங்க சார், ஏழு கலர் இருக்கு."

"கலர் வாசல்ல இடிக்காதும்மா. அகலத்தச் சொல்லு. அப்படியே எடையையும் சொல்லு."

"எடை நூத்தியெட்டு கிலோ சார்."

"நிறுத்துப் பாத்தீங்களா, எழுதியிருந்ததப் படிச்சீங்களா?"

மேனேஜரைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனவள், நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. என் சிவப்பு வண்டி முப்பது அங்குலம் என்று டேப் சொன்னது, அத்தோடு அதன் கதை முடிந்தது. இருபத்தேழு அங்குலத்தில் ஒன்று கிடைத்தது. அதன் நிறத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் மூன்லைட் சில்வர். நம் வீட்டில் அதற்குப் பெயர் பழைய குக்கர்.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. பழகுநர் உரிமம் கையில், வண்டி வாசலில். முதல் நாள் மத்தியானமே, தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு சுற்று. என்ன சொல்ல அத்தான், சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குப் படிப்பு வரும், எனக்கு ஆக்ஸிலரேட்டர் வந்திருக்கிறது. விளக்குக் கம்பத்துத் திருப்பத்தில் நான் சாய்ந்த சாய்வைப் பார்த்துப் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. இவ்வளவு திறமையை இந்தக் குக்கர் தாங்காது, வண்டியை என் தரத்துக்கு உயர்த்தியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் அப்பா பன்னிரண்டு நாள் வேலையாக வெளியூர் எடைமேடைகளைப் பார்க்கக் கிளம்பினார். விடுமுறையில் ஜெராக்ஸ் கடையில் நின்று சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு நான் ஸ்பேர் கடைக்குக் கிளம்பினேன். கடைக்காரர் பெரிய ஞானி. "தம்பி, கம்பெனிக்காரன் குடுக்கறது வண்டி இல்ல, வண்டிக்கான யோசனை. மீதிய நாமதான் செய்யணும்" என்றார். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தேன், ஒருத்தரும் இப்படிப் பேசியதில்லை. முன்பக்கத்துக்கு ஒரு கிராஷ் கார்டு வாங்கி வந்தேன். எதிரே எது வந்து மோதினாலும் வண்டிக்குப் படாமல் தாங்கிக்கொள்ளும் தடித்த கம்பி அது. மாட்டியதும் முன்பக்கம் மல்யுத்தக்காரன் மாதிரி ஆனது, பக்கவாட்டுகள் மட்டும் நோஞ்சானாகத் தெரிந்தன, இரண்டு பக்கமும் மாட்டினேன். இப்போது பின்பக்கம் வெட்கப்பட்டு நின்றது, அங்கேயும் ஒன்று. பிறகு சாய்ந்துகொள்ளப் பின்சீட்டுக்கு முதுகு, யானைக் காது அளவுக்குக் கண்ணாடிகள், இரட்டை ஹாரன். எல்லாம் ஹால் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நானே, என் கையாலேயே.

"வண்டிக்கு எதுக்குடா கட்டில் கம்பிய மாட்டுற?" என்றாள் அம்மா.

"பாதுகாப்புக்கும்மா."

"யாருக்கு?"

"எதிர்ல வர்றவங்களுக்கு."

அவள் ஈரத் துண்டுகளைக் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் போனாள். ஹாரனைச் சோதித்த அன்று மட்டும் கொஞ்சம் அசம்பாவிதம். அம்மா கையில் இருந்த தட்டு தானாகவே தரைக்கு இறங்கியது. மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "யாருப்பா வீட்டுக்குள்ள லாரி எடுக்கறது?" என்று கேட்டார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று சாயந்தரம், கடைசி நட்டை முடுக்கிய சூட்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், வாசலில் டங் என்றது. பின்னால் இழுத்து, கோணலாக்கி, மறுபடி டங். மூன்றாவது டங்குக்கு வெளியிலிருந்து ஒரு குரல், "தள்ளு, நான் உள்ள வரணும்." அப்பா. ஊரிலிருந்து நேராக வருகிறார். கம்பியைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார், பையை வைத்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, டேப்பை எடுத்தார்.

"வண்டி முப்பத்தொண்ணு. வாசல் இருபத்தொம்பது."

அதோடு விட்டாரா? கட்டிலுக்கு அடியில் இருக்கும் எடைத்தட்டை இழுத்துப் போட்டு, லாரிக்குச் செய்வதுபோல முன்சக்கரம் ஒரு தரம், பின்சக்கரம் ஒரு தரம் ஏற்றி நிறுத்தார்.

"நூத்தி முப்பத்தொண்ணு. இருபத்திமூணு கிலோ கூடியிருக்கு. ஒரு சின்னப் பையனையே ஏத்தி வெச்சிருக்க. எல்லாத்தயும் கழட்டு."

"கழட்ட மாட்டேன்."

"அப்புறம் எப்படிடா வெளிய போகும்?"

"வண்டி சரியாத்தாம்பா இருக்கு. வாசல்தான் தப்பு."

அத்தான், அப்பா முப்பது வருடமாக அளவுகளோடு வாழ்கிறவர். வாசல் தப்பு என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சற்று நேரம் என்னையே அளப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கெழம சாயந்தரம் அஞ்சு மணிக்கு இந்த வண்டி தெருவுல நிக்கணும். நீ ஓட்டிட்டுப் போய் நிறுத்தணும். இல்லன்னா திங்கக்கெழம பால்காரர் எடுத்துக்குவாரு. அவரு ரொம்ப நாளா வண்டி கேட்டுட்டிருக்காரு."

வெறும் மிரட்டல் என்றுதான் நினைத்தேன். இன்று காலை பால்காரர் உள்ளே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டுக் கம்பியில் பால் கேனை மாட்டி ஆட்டிப் பார்த்தார். "சொல்லி வெச்ச மாதிரி போட்டிருக்கீங்க தம்பி. நாலு கேன் நிக்கும்" என்றார். என் ரத்தம் கொதித்த கொதிப்பில் அவருடைய பால் பொங்கியிருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். எட்டு வருடத்துக்கு முன் இந்த வாசல் நிலையைச் செய்து பொருத்தியது யார்? நீங்கள். மூன்று நாள் வேலையைப் பதினோரு நாள் இழுத்தது யார்? நீங்கள். அந்தப் பதினோரு நாளும் அக்கா எத்தனை தடவை தண்ணீர் கொண்டுவந்தாள் என்பதற்கு, அப்போது பத்து வயதில் அங்கேயே உட்கார்ந்து மரச்சுருளைக் கோத்து விளையாடிய நான் சாட்சி. உங்கள் கண் டேப்பில் இருந்த நேரம் குறைவு. அப்பா எழுதிக் கொடுத்த அகலம் முப்பத்திரண்டு அங்குலம், நீங்கள் வைத்தது இருபத்தொன்பது. அப்பா அளந்து பார்ப்பதற்குள் நீங்கள் மாப்பிள்ளை ஆகிவிட்டீர்கள். மாப்பிள்ளை வைத்த நிலையை எந்த மாமனார் குறை சொல்வார்? மூன்று அங்குலத்தை அவர் விழுங்கிக்கொண்டார். அந்த முப்பத்திரண்டு எழுதிய சீட்டு மேசை டிராயரில் இருந்து எனக்குக் கிடைத்திருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன், அக்காவிடம் காட்டும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. இப்போதைக்கு.

ஆகவே சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் உளி, சுத்தியல், ரம்பம் சகிதம் வந்து, அக்காவைப் பார்த்ததில் தொலைத்த மூன்று அங்குலத்தையும் மீட்டுத் தரவும். சுவர் இடிந்தால் இடியட்டும், பூசிக்கொள்ளலாம். நான் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். கதவுக்குப் பயந்து வண்டியைச் சுருக்கினால் நாளைக்குக் கட்டிலுக்குப் பயந்து காலைச் சுருக்கச் சொல்வார்கள். ஞாயிறு ஐந்து மணிக்கு, அதே வாசல் வழியாக, ஒரு கம்பியும் குறையாமல், ஹாரன் அடித்துக்கொண்டு நான் வெளியே போவேன். தெருவே ஓரமாக நின்று பார்க்கும்.

அக்காவுக்கு என் அன்பு. அவளுடைய சமையல் உங்களுக்கும், உங்களுடைய பொறுமை எனக்கும் நீடூழி வாழட்டும். உளி என்றும் மழுங்காதிருக்க வாழ்த்தி நிற்கும்,

எதற்கும் வளையாத மைத்துனன்.

பின்குறிப்பு: உளியைக் கையில் எடுத்திருந்தால் கீழே வையுங்கள். சீட்டு என்று ஒன்றும் இல்லை. அப்பா சொன்ன அளவும் இருபத்தொன்பதுதான், நீங்கள் மயிரிழை பிசகாமல் வைத்திருக்கிறீர்கள். அக்கா தண்ணீர் கொண்டுவந்தது மட்டும் நிஜம்.

திருப்பத்தில் சாய்ந்தேன் என்று எழுதினேன் இல்லையா. சாய்ந்ததும் நிஜம்தான். நிமிரவில்லை. யாரோ படுக்கவைத்ததுபோல மெதுவாக விழுந்தேன். நாய் வழிவிடவில்லை, வந்து முகர்ந்து பார்த்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன், முழங்கைக் காயத்துக்கு அம்மாவிடம் மாடிப்படி என்று சொன்னேன். அதற்கப்புறம் வண்டியில் ஏறவே இல்லை. முன்னால் கம்பி மாட்டினால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அங்கே மாட்டினேன், பின்னால் போய் நின்றுகொண்டது. அங்கேயும் மாட்டியாயிற்று, இப்போது அது ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று வாசலில் டங் என்று இடித்தபோது வெளியே முறைத்தேனே தவிர, உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. பால்காரர் கேனை மாட்டிப் பார்த்த பிறகு அந்த அப்பாடாவும் போய்விட்டது. அத்தான், வண்டியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு ஸ்பேனர் மட்டும் கொண்டுவாருங்கள், என்னுடையது கடைசி நட்டில் சிக்கி வர மறுக்கிறது. கம்பிகளைக் கழற்றிவிடுவோம். மைதானம் வரைக்கும் நீங்கள் ஓட்டுங்கள். அங்கே போனதும் என்னை முன்னால் உட்காரச் சொல்லுங்கள். தலை வலிக்கிறது என்பேன், டயரில் காற்று இல்லை என்பேன், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். எதையும் நம்பாதீர்கள்.