ரூட்டில் பிடிக்காத தீ

ஒரு காட்டில், மழை பொய்த்துப்போன ஒரு கோடையில், சிங்கம் ஒன்று தண்ணீர் லாரிக் கம்பெனி நடத்திவந்தது. லாரிகள் நேரத்துக்கு வருவதில்லை என்று காடு முழுக்கப் புகார். மேனேஜர் நரி சதாசிவம் நகரத்துக்குப் போய் ஒரு பெட்டி நிறைய ஜிபிஎஸ் கருவிகள் வாங்கி வந்தது.

"எந்த வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு இனிமே ஸ்கிரீன்லயே தெரிஞ்சிடும். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம் முதலாளி."

"இப்ப மட்டும் எழுந்திருக்கேனா?" என்றது சிங்கம்.

ஒவ்வொரு லாரியும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஆனது. சொன்ன ரூட்டை விட்டு விலகினால் புள்ளி சிவப்பாகி அலறும். சிங்கத்துக்குப் புள்ளிகளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாப்பாடுகூடத் திரைக்கு எதிரில்தான்.

கரடி பேச்சிமுத்து அங்கே டிரைவர். ஒருநாள் முதலாளியின் மருமகன் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் கொண்டுபோனது. வழியில் மூங்கில் காட்டுப் பக்கம் புகை. செல்வராணி என்கிற முயல் ஓடிவந்து லாரியை மறித்தது.

"அண்ணே, வளைக்குள்ள புள்ளைங்க இருக்குண்ணே! தீ கிட்ட வந்துடுச்சு!"

கரடி பிரேக் போட்டதுமே போன் அடித்தது. நரிதான்.

"யோவ், வண்டி ஏன் நிக்குது?"

"மூங்கில் காட்டுல தீ சார்."

"ஸ்கிரீன்ல தீ எதுவும் காட்டலையே."

"நேர்ல காட்டுது சார்."

"ரூட்டை விட்டு இறங்குனா சிவப்பாயிடும், பாத்துக்க."

"இங்க எல்லாமே சிவப்பாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரடி ஸ்டியரிங்கை ஒடித்தது.

டேங்கர் காலியாகும்போது தீ அணைந்திருந்தது. கரடியின் முதுகு முடி பாதி பொசுங்கிவிட்டது. இருமிக்கொண்டே குட்டிகள் ஒவ்வொன்றாக வளையிலிருந்து வெளியே வந்தபோது, அவ்வளவு பெரிய கரடி டயர் ஓரமாக உட்கார்ந்து அழுதது.

ஆபீசில் விசாரணை நடந்தது. செல்வராணி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சாட்சி சொல்ல வந்தது. சிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரூட் விலகல், அதிவேகம், ஒரே இடத்துல இன்ஜினை ஓட விட்டு நின்னது" என்று படித்தது நரி. "முயல் குட்டியைக் காப்பாத்துனதுன்னு சிஸ்டத்துல ஒரு பிரிவே இல்ல முதலாளி."

"அப்ப நடக்கலைன்னு அர்த்தம்" என்றது சிங்கம். கரடிக்கு வேலை போயிற்று.

குரங்கு டேவிட்ராஜ் என்று இன்னொரு டிரைவர். அது தன் லாரியின் கருவியைக் கழற்றி, அதே ரூட்டில் ஓடும் மான்களின் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டு, வாழைத்தோப்பில் லாரியை நிறுத்தித் தூங்கிக்கொண்டிருந்தது. மலையடிவார யானைகளுக்குப் போகவேண்டிய தண்ணீர் போகவே இல்லை. யானைகள் திரண்டு வந்து கேட்டன.

"வண்டி வந்துட்டுப் போயிருக்கே" என்று நரி திரையைக் காட்டியது. "குடிச்சுட்டு மறந்துட்டீங்க."

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. 'வயசாயிடுச்சோ' என்று முணுமுணுத்தபடி வறண்ட நாக்கோடு திரும்பிப் போயின.

ஒருமுறைகூடச் சிவப்பாகாத டிரைவர் என்று குரங்குக்குச் சால்வை போர்த்தினார்கள். சிங்கம் புதிதாகக் கட்டிய பங்களாவின் நீச்சல் குளத்தை நிரப்பும் பொறுப்பும் அதற்கே கிடைத்தது. கருவி ஒட்டிய மான் பஸ் பங்களா வழியாகவும் போய்ப் போய் வந்தது. நடைகளை எண்ணிக் குளம் நிரம்பிவிட்டதாகத் திரை சொன்னது.

திறப்பு விழா. மேளம் முழங்க, விருந்தாளிகள் கைதட்ட, சிங்கம் திரையை ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டு, உயரப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதித்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுகளுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது. நரி பக்கத்தில் பணிவாக நின்றது.

"சதாசிவம்... குளத்துல தண்ணி இல்லையேய்யா."

"ஸ்கிரீன்படி நீங்க இன்னும் நீந்திக்கிட்டுத்தான் இருக்கீங்க முதலாளி."

"புள்ளி பச்சைதானே?"

"சுத்தப் பச்சை."

சிங்கத்துக்கு வலி கொஞ்சம் குறைந்தது.

நீதி: தீயை அணைப்பதில் தப்பில்லை, ஆனால் அது நாம் போகும் ரூட்டிலேயே பிடித்த தீயாக இருக்க வேண்டும்.