அரை நொடி ஆசாமிகள்

கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து சம்பளம் வாங்குகிற ஒரு வர்க்கம் உலகத்தில் உண்டு. நீங்கள் ஏதோ ஒரு கவுன்ட்டரில் திரையில் சுற்றும் வட்டத்தை வெறித்தபடி நிற்கும்போது, எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருப்பாரே, அவர்தான். தேடி அலைய வேண்டாம். அடியேன்தான்.

யாராவது போன் செய்து ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றால் எங்களுக்கு முதலில் வருவது சந்தேகம், அதுவும் சொன்னவர் மேல். உங்கள் மெஷின் பழசாக இருக்கும், வயர் தளர்ந்திருக்கும், பட்டனை இரண்டு தடவை அமுக்கியிருப்பீர்கள் என்று அடுக்கிவிட்டு, சர்வருக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் கம்ப்யூட்டரில், ஊழியர்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து ஒருமுறை தட்டிப் பார்ப்போம். பறக்கும். பறக்காமல் என்ன செய்யும்? பொறுமையிழந்து பாதியில் எழுந்து போனவர்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ஆட்கள் எழுந்து போகப் போக எங்கள் சராசரி நேரம் குறைந்து அழகாகிக்கொண்டே வரும். இதற்கும் மேலே ஒரு வித்தை இருக்கிறது. ‘சற்றுப் பொறுங்கள்’ என்று திரையில் வந்ததுமே கடிகாரத்தை நிறுத்திவிடுவோம். பதில் வந்துவிட்டதல்லவா? அரை நொடி. இதற்காக எனக்குக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் மகளுக்குக் கடும் காய்ச்சல். எங்கள் மென்பொருள் ஓடுகிற மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். பதிவு கவுன்ட்டரில் இருந்த பெண் மகளின் பெயரைத் தட்டினார். வட்டம் சுற்றத் தொடங்கியது. பதிவு எண் வராமல் டாக்டர் அறைக்குள் விடமாட்டார்கள். தோளில் குழந்தை அனலாய்க் கொதிக்கிறது, மனைவி என்னையே பார்க்கிறாள், வட்டம் சுற்றுகிறது. எனக்கு வாய் சும்மா இருந்தால்தானே?

"பதில் வந்துடுச்சேம்மா. ‘சற்றுப் பொறுங்கள்’னு போட்டிருக்கே" என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "காய்ச்சல்கிட்டயும் அதையே சொல்லிப் பாருங்க சார்."

மனைவி குழந்தையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒருவழியாக எண் வந்தது, டாக்டர் பார்த்தார், குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். அளக்கத் தோன்றவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நீங்களும் தலை நிமிராமல் "இதோ வர்றேன்" என்றீர்கள். உங்கள் கணக்கில் அப்போதே பதில் சொல்லியாகிவிட்டது. கூப்பிட்டவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.