திருகாணி அண்ணாச்சி அடைத்த வரி

ஆபாசப் பாட்டுகளைத் திருகாணி அண்ணாச்சி அளவுக்கு மனப்பாடமாக அறிந்தவர் அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே யாரும் இருந்திருக்க முடியாது. அவற்றை அவ்வளவு வெறுத்தவரும் இருந்திருக்க முடியாது.

யுத்த காலம். தென்காசி பார்க்கில் ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோ வைத்து, மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அதைப் போட்டு அணைக்கிற உத்தியோகம் அவருக்கு. பாட்டில் முத்தம், மார்பு, மஞ்சம் என்று ஏதாவது வரப்போகிறதென்றால் சட்டென்று குமிழைத் திருகிச் சத்தத்தை அடைத்துவிடுவார். வரி போனதும் திறப்பார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. திருகாணி என்பது ஊர் வைத்த பெயர்.

வரி வருவதற்கு முன்னால் திருக வேண்டுமென்றால் வரி தெரிந்திருக்க வேண்டுமே! அதற்காகச் சாரல் காலத்தில் குற்றாலம் போவார். அருவியில் தலையைக்கூட நனைக்காமல், கிராமபோன் வைத்திருந்த ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த மாதிரிப் பிளேட்டுகளாகக் கேட்பார்.

“என்ன அண்ணாச்சி, ரொம்ப ரசிக்கியளே?” என்றார் கடைக்காரர்.

“ரசிக்கலைய்யா, படிக்கேன். இன்னொரு தடவை வையும்.”

இவ்வளவு பாடுபட்டும் பலன் என்னவோ நேர்மாறு. அவர் சத்தத்தை அடைத்ததும் பார்க்கில் இருக்கும் கூட்டமே சேர்ந்து அந்த வரியை உரக்கப் பாடும். திருகாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

நான் அப்போது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஒருநாள் கேட்டேவிட்டேன். “ரேடியோ ஸ்டேஷன்காரன் பாத்துத்தானே அனுப்புதான்? நடுவுல நீங்க யாரு?”

“அவன் தென்காசியப் பாத்திருக்கானாவே? பிளேட்டு கேக்குதவன் வேணும்னு கேக்குதான். இந்தக் குழா வேண்டாம்ங்கவன் காதுலயும் ஊத்துதுல்லா? தகப்பனும் மகளும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காவ. அவுக முகத்தை எங்கன கொண்டுபோய் வச்சுக்கிடுவாவ?”

எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு சாரல் நாளில் குற்றாலத்திலிருந்து செண்பகத்தம்மாள் குதிரை வண்டியில் பார்க்குக்கு வந்து இறங்கினாள். கோயிலில் ஆடிப் பாடிய குடும்பம். குற்றாலத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் பங்களாக்காரர்கள். அந்த வாசலில் இவளை யார் சேர்ப்பார்கள்?

“எம் மக வடிவு இன்னைக்குத் திருச்சி ரேடியோவுல பாடுதா அண்ணாச்சி. மொதத் தடவை. நான் ரேடியோவே பாத்ததில்ல” என்றாள்.

“என்ன பாட்டு தாயி?”

சொன்னாள். வேறொருத்தி வீட்டிலிருந்து வரும் நாயகனைப் பார்த்து, மார்பில் இது யாருடைய நகக்குறி என்று நாயகி கேட்கும் பதம் என்கிற காதல் பாட்டு. அண்ணாச்சியின் முகம் சுருங்கியது.

“இன்னைக்கு ஒருநாள் விட்டுருங்களேன்” என்றேன் காதோடு.

“ஆளுக்கொரு நியாயம் வைக்க முடியுமா? ஒரு வரிதானவே. மத்ததெல்லாம் கேக்கட்டும்.”

வடிவு பாடினாள். செண்பகத்தம்மாள் குழாயையே அண்ணாந்து பார்த்தபடி தாளம் போட்டாள். அந்த வரி வரும் இடத்தில் அண்ணாச்சி திருகினார். கூட்டம் வாய் திறப்பதற்குள் அவள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

“ஐயோ, எம் பிள்ளைக்குக் குரல் நின்னு போச்சே! பாட்டை மறந்துட்டாளா? மயங்கி விழுந்துட்டாளா? யாராவது என்னன்னு கேளுங்களேன்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அவசரமாகத் திறந்தார்.

“இல்ல தாயி, ஒண்ணும் ஆகல. நாந்தான் அடைச்சேன். அவ பாடிக்கிட்டுத்தான் இருக்கா. கேளு!”

குரல் வந்தது. அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பதத்தில் அந்த வரி திரும்பத் திரும்ப வரும். அண்ணாச்சி பெட்டியை விட்டு விலகி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வடிவு அதே கேள்வியைக் கோபமாகக் கேட்டாள், அழுகையாகக் கேட்டாள், கடைசியில் களைத்துப்போய்க் கேட்டாள். தகப்பன்மாரும் மகள்மாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் செண்பகத்தம்மாள் வந்து கும்பிட்டாள். “எம் மக நல்லாப் பாடினாளா அண்ணாச்சி?”

“அந்த வரியத்தான் தாயி ரொம்ப நல்லாப் பாடினா” என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் வேறொரு பாட்டுக்குக் குமிழைத் திருகத்தான் செய்தார். அது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரை யாராவது ஏசினால் எனக்குப் பொறுக்காது.